கருங்கரிமம்: காற்றில் ஒரு கணக்கு, மண்ணில் வேறொரு கணக்கு

கருங்கரிமத்தைப் பற்றி இரு வகைச் செய்திகள் ஒரே காலத்தில் வந்துகொண்டிருக்கின்றன. டீசல் புகையிலும் விறகடுப்பிலும் அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கப்படும் வைக்கோல் தாளிலும் எழும் கருங்கரிமம் இமயமலைப் பனியின் மேல் படிந்து அதை விரைந்து உருக்குகிறது, ஆகவே அதை உடனே குறைக்க வேண்டும் என்கிறது ஒன்று. பயிர்க்கழிவையும் மரத்துண்டுகளையும் கரியாக்கி மண்ணில் இட்டால் அதிலுள்ள கரிமத்தை நூற்றாண்டுகளுக்குப் பூட்டி வைக்கலாம், அப்படிச் செய்பவருக்கு, பூட்டிய கரிமத்தின் அளவைக் காட்டி விற்கக்கூடிய சான்றான கார்பன் கிரெடிட் வழங்கலாம் என்கிறது மற்றொன்று. இரண்டிலும் பேசப்படுவது நெருப்பில் பிறந்த கருப்புப் பொருள்தான். ஒன்றில் அது குற்றவாளி, மற்றொன்றில் காவலாளி.

இரண்டு செய்திகளும் அவையவற்றின் எல்லைக்குள் சரியானவையே. ஒரே பெயரில் வழங்கும் பொருள்கள் பல என்பதையும், அவை கரிமச் சுழற்சியில் தங்கும் காலம் சில நாள்களிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகள் வரை வேறுபடுகிறது என்பதையும் செய்திகள் சொல்லாமல் விடுவதால்தான் குழப்பம் நேர்கிறது. இக்கட்டுரையில் கரிமம் என்பது கார்பன் என்னும் தனிமத்தைக் குறிக்கும். டன் கணக்குகள் யாவும் வாயுவின் எடையை அல்லாமல் அதிலுள்ள கரிமத்தின் எடையையே குறிக்கும்.

பெயருக்குள் இருக்கும் மூன்று பொருள்கள்

இராமநாதபுரம், விருதுநகர்ப் பகுதிகளில் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து, காற்று சிறிதளவே புகும்படி துளைகளை விட்டுவிடுகிறார்கள். காற்று தாராளமாகக் கிடைத்திருந்தால் விறகு முழுவதும் எரிந்து சாம்பல்தான் மிஞ்சும். ஆக்சிஜன் போதாத வெப்பத்தில், மரத்தின் நீரும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் வெளியேறுகின்றன. எஞ்சும் கரிம அணுக்கள் ஆறாறாகக் கைகோத்து வளையங்களாகின்றன. அவ்வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடுகளாகின்றன. காட்டுத்தீயிலும் இதுவே நிகழ்கிறது. தீச்சுவாலை மரத்தின் மேற்பரப்பைச் சூழ்ந்திருக்கும்போது உட்புறத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை என்பதால், ஒவ்வொரு கிளையும் தனக்குள்ளே ஒரு சிறு மூட்டமாகிறது.

வளையங்கள் அடுக்கிய இந்த அமைப்பு ஒளியை நன்கு விழுங்குவதால் கருப்பாகத் தெரிகிறது. நுண்ணுயிர்களின் நொதிகளால் அதை எளிதில் பிளக்க முடியாததால் நெடுங்காலம் நிலைக்கிறது. அதன் கருமைக்கும் நீண்ட வாழ்வுக்கும் காரணம் ஒன்றே. இதே அமைப்பு மூன்று வழிகளில் உருவாகிறது.

1. மரக்கரி. தாவரத்தின் திடப்பகுதி கருகி எஞ்சுவது. எரிந்த இடத்திலேயே பெரும்பாலும் கிடக்கும். தாவரத்தின் நுண்துளை வடிவத்தை உருப்பெருக்கியில் இன்னும் காணலாம்.

2. புகைக்கரி. சுவாலைக்குள் வாயு நிலையில் இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து உண்டாகும் மிக நுண்ணிய உருண்டைகள். விளக்குக் கண்ணாடியின் மேல் படிவதும் டீசல் வண்டியின் பின்னால் எழுவதும் இதுவே. காற்றில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும்.

3. பாறைக்கரி. நெருப்போடு தொடர்பே இல்லாதது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்த உயிர்ப்பொருள், பூமியின் உள்ளழுத்தத்திலும் வெப்பத்திலும் கிராஃபைட்டாகிப் பின் மலையாக எழுந்து அரிக்கப்படும்போது மண்ணிலும் ஆற்றிலும் கலப்பது.

வளிமண்டல ஆய்வாளர் "கருங்கரிமம்" என்னும்போது இரண்டாவதை மட்டும் குறிக்கிறார். மண்ணியலாளர் முதன்மையாக முதலாவதைக் குறிக்கிறார். கடலடி வண்டலை ஆராய்பவரின் கருவியில் மூன்றும் கலந்தே பதிவாகின்றன. துறைகளுக்கு இடையிலான இந்தச் சொல் வேறுபாடு சிறிய விஷயம் போலத் தோன்றும். பின்னால் வரும் பெரிய முரண்பாடுகளில் பாதி இங்கிருந்தே தொடங்குகின்றன.

காற்றில்: எடை சொற்பம், வெப்பம் பெரிது

உலகெங்கும் ஆண்டுதோறும் காற்றில் கலக்கும் புகைக்கரி, 2000-ஆம் ஆண்டு நிலவரப்படி, ஏறத்தாழ 75 லட்சம் டன் என்று 2013-இல் வெளியான விரிவான மதிப்பாய்வு ஒன்று கணித்தது. நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் கரியமில வாயுவாக வெளியேறும் கரிமமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன். ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது. கரிமச் சுழற்சியின் எடைக்கணக்கை மட்டும் பார்க்கும் ஒருவர் காற்றிலுள்ள புகைக்கரியை அடியோடு விட்டுவிடலாம்.

பருவநிலைக் கணக்கில் அப்படி விட முடியாது. புகைக்கரி சூரிய ஒளியை நேரடியாக விழுங்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது; பனியின் மேல் படிந்தால் அதன் வெண்மையைக் குறைத்து, திருப்பி அனுப்பப்பட வேண்டிய ஒளியைப் பனிக்குள்ளேயே இறக்குகிறது. ஆனால் அது காற்றில் தங்குவது ஒரு வாரம் அளவே. அடுத்த மழையில் கழுவப்பட்டு இறங்கிவிடும். கரியமில வாயுவின் கணிசமான பகுதி நூற்றாண்டுகளுக்கு மேல் நீடிப்பதோடு இதை ஒப்பிட்டால், புகைக்கரியைக் குறைப்பதன் பலன் ஏன் உடனே தெரியும் என்பதும், அது ஏன் கரியமில வாயுவைக் குறைப்பதற்கு மாற்றாகாது என்பதும் விளங்கும்.

வெப்பமூட்டலின் அளவைப் பற்றிய மதிப்பீடு கடந்த பத்தாண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. 2013 மதிப்பாய்வு, தொழிற்புரட்சிக்குப் பிந்தைய புகைக்கரியின் விளைவைச் சதுர மீட்டருக்கு 1.1 வாட் என்றும், அது 0.17 முதல் 2.1 வரை எங்கும் இருக்கலாம் என்றும் கணித்தது. கரியமில வாயுவுக்கு அடுத்த இடம் புகைக்கரிக்கே என்று நாளிதழ்கள் எழுதியது அப்போதுதான். 2021-இல் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழுவான ஐபிசிசி வெளியிட்ட ஆறாவது அறிக்கை அதை ஏறத்தாழ 0.1 வாட் அளவுக்கு இறக்கியது. புகைக்கரி சூடாக்கிய காற்றடுக்கில் மேகங்கள் மாறி, அம்மாற்றமே வெப்பமூட்டலில் ஒரு பகுதியை ஈடுகட்டுவது இதற்கு முக்கியக் காரணம். பழைய 1.1 என்னும் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இன்றும் சுற்றில் இருக்கின்றன. அவற்றை எச்சரிக்கையுடன் படிப்பது நல்லது. உலகச் சராசரி இறங்கியதால் இமயமலைப் பனியின் மேல் படியும் கரியின் உள்ளூர் விளைவோ, அதே புகையைச் சுவாசிப்பவரின் நுரையீரல் பாதிப்போ குறைந்துவிட்டதாகப் பொருளில்லை.

தென்னாசியாவின் புகைக்கரி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நெடுநாள் அரசியல் சர்ச்சையாக இருந்தது. 1999-இல் இந்தியப் பெருங்கடலின் மேல் நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு, குளிர்காலத்தில் துணைக்கண்டத்திலிருந்து கடல் வரை பரவும் பழுப்புப் புகைத்திரையைப் பதிவு செய்தது. அவ்வாய்வை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன். பத்தாண்டுகளுக்குப் பின், 2009-இல், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஆர்யன் குஸ்தாஃப்சன் குழுவினர் மாலத்தீவின் ஹனிமாதூவிலும் புனேவுக்கு அருகிலுள்ள சிங்ககட்டிலும் சேகரித்த நுண்துகள்களில் கார்பன்-14 என்னும், மெதுவாகச் சிதையும் கதிரியக்கக் கரிம வகையின் அளவைச் சோதித்தனர். நிலக்கரியிலும் டீசலிலும் கார்பன்-14 முற்றாகச் சிதைந்து போயிருக்கும். விறகிலும் சாணத்திலும் பயிர்க்கழிவிலும் இருக்கும். புகைக்கரியில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உயிர்ப்பொருள் எரிப்பிலிருந்து வந்தது என்று அம்முடிவு காட்டியது. வாகனத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது, அடுப்பையும் வயலையும் கவனிக்க வேண்டும் என்பது அதன் நேரடிப் பொருள்.

மண்ணில்: விரைவுப் பாதையும் மெதுப் பாதையும்

இனி எடை பெரிதாக இருக்கும் இடத்துக்கு வருவோம். நிலத்துத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 கோடி டன் கரிமத்தை உள்ளிழுக்கின்றன. அநேகமாக அதே அளவு, சுவாசத்தாலும் மட்குதலாலும் தீயாலும் திரும்பிவிடுகிறது. ஓர் இலை உதிர்ந்தால் அதன் கரிமத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் மீண்டும் காற்றில் இருக்கும். இது விரைவுப் பாதை. வண்டலாகிப் பாறையாவது மெதுப் பாதை. அது இலட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கு. மரக்கரி இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கிளைவாய்க்கால்.

மரக்கரி என்பது வளிமண்டலத்திலிருந்து கரிமத்தை விலக்கி வைக்கும் தேக்கம் என்ற கருத்தை 1980-இலேயே வொல்ஃப்காங் சைலரும் பால் குருட்சனும் முன்வைத்தனர். அவர்களின் முதல் மதிப்பீடு மிக உயர்வாக இருந்தது. 1995-இல் தாமஸ் கூல்புஷும் குருட்சனும் அதை ஆண்டுக்கு 5 முதல் 27 கோடி டன் என்று திருத்தினர். ஓசோன் ஆய்வுக்காகக் குருட்சன் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். 2019-இல் மேத்யூ ஜோன்ஸ் முதலானோர், செயற்கைக்கோள் பதிவுகளையும் களத்தில் எரிந்த இடங்களின் அளவீடுகளையும் இணைத்து, 1997 முதல் 2016 வரை ஆண்டுச் சராசரி 25.6 கோடி டன் என்று கணக்கிட்டனர். அதே காலத்தில் நிலத்தீக்களால் காற்றில் கலந்த கரிமம் ஆண்டுக்கு ஏறத்தாழ 220 கோடி டன். அதாவது தீ வெளியிடும் கரிமத்தின் 12 சதவீதத்துக்கு இணையான அளவு கரியாகத் தரையில் தங்குகிறது.

இந்த 12 சதவீதத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஒரு புல்வெளி எரிகிறது. அடுத்த மழைக்குப் புல் மீண்டும் முளைக்கிறது. எரிந்து போன கரிமத்தைப் புதிய புல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆனால் கரியாக நின்ற பகுதி காற்றுக்குப் போகவே இல்லை. ஆகவே இந்தச் சுற்று முடியும்போது நிலத்தின் கணக்கில் சிறு உபரி இருக்கும்.

2. காடு நிரந்தரமாக அழிக்கப்பட்டு எரிக்கப்பட்டால் மீண்டும் முளைப்பது எதுவும் இல்லை. அப்போது அந்த 12 சதவீதம் இழப்பைச் சற்றுக் குறைக்கிறதே தவிர உபரி ஆகாது.

3. முதல் நிலையிலும் உபரி என்றென்றும் வளராது. பழைய கரி சிதைந்துகொண்டே இருக்கிறது. உண்டாகும் கரியும் சிதையும் கரியும் சமமாகிவிட்டால் மண்ணின் இருப்பு மாறாது. காற்றுக்கு லாபமும் இல்லை. மண்ணில் இருக்கும் கரியின் மொத்த இருப்பு கூடினால் மட்டுமே அது தேக்கம்.

மூன்றாவது படியைக் கவனியாமல் "தீ நல்லது" என்று முடிவெடுத்த கட்டுரைகளும் வந்திருக்கின்றன. ஆண்டு உற்பத்தியை ஆண்டுச் சேமிப்பாக எழுதுவது, சம்பளத்தையே வங்கி இருப்பு என்று சொல்வது போன்றது.

கரி எத்தனை காலம் நிலைக்கும்?

கரி அழியாது என்ற நம்பிக்கைக்கு நல்ல காரணம் உண்டு. கீழடியின் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோனவை அங்கே கிடைத்த கரி மாதிரிகளின் கார்பன்-14 அளவீடுகளே. அமேசான் படுகையில் பழங்குடியினர் கரியும் எலும்பும் குப்பையும் இட்டு உண்டாக்கிய டெரா ப்ரெட்டா எனும் கருமண், சுற்றியுள்ள மண்ணைவிட 70 மடங்கு வரை அதிகமான கருங்கரிமத்தைக் கொண்டிருப்பதாக அளக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் காட்டி "ஆயிரம் ஆண்டு உத்தரவாதம்" என்று விற்பவர்கள் உண்டு. ஆனால் அகழாய்வுக் குழியில் கிடைத்த கரி, கிடைக்காமல் போன கரியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிழைத்தவரை மட்டும் எண்ணி ஆயுளைக் கணிக்க முடியாது.

இதைச் சரிபார்க்க எளிய வகுத்தல் கணக்கு ஒன்று போதும். உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் அங்ககக் கரிமம், அதாவது உயிர்ப்பொருளிலிருந்து வந்த கரிமம், உள்ளது. நூற்றுக்கணக்கான இடங்களின் அளவீடுகளைத் தொகுத்த 2016 ஆய்வின்படி அதில் சராசரியாக 14 சதவீதம் தீயில் பிறந்தது. அப்படியானால் இருப்பு 21,000 கோடி டன். ஆண்டுக்கு 25.6 கோடி டன் வீதம் சேர்கிறது எனில், வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 820 ஆண்டுகள். இருப்பு மாறாமல் இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் தோராயம் இது. என்றாலும் ஒன்று தெளிவு: கரி உண்மையிலேயே பத்தாயிரம் ஆண்டு அழியாமல் இருந்திருந்தால் நம் காலடி மண்ணில் மட்கைவிடக் கரியே மிகுதியாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை.

நேரடிச் சோதனைகளும் இதே வரம்புக்குள் விழுகின்றன. உயிர்க்கரியின், அதாவது மண்ணில் இடுவதற்கென்று தயாரிக்கும் கரியின், சிதைவைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2016 கட்டுரை, கரியில் 3 சதவீதம் மூன்று நான்கு மாதங்களில் சிதையும் தன்மையுடையது என்றும், மீதி 97 சதவீதத்தின் சராசரித் தங்கல் காலம் 556 ஆண்டுகள் என்றும் காட்டியது. களத்து மண்களைத் தொகுத்த 2012 ஆய்வில் சராசரி 291 ஆண்டுகளாகவே வந்தது. ஆகவே நூற்றாண்டுக் கணக்கு என்பது பாதுகாப்பான கூற்று. ஆயிரத்தாண்டுக் கணக்கு என்பது சில துண்டுகளுக்கு மட்டும் பொருந்துவது.

கரி எப்படி மறைகிறது? நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்பது ஒரு வழி. அடுத்த தீயில் மீண்டும் எரிவது இன்னொரு வழி. மூன்றாவது வழியைப் பலரும் எண்ணுவதில்லை: அது அழிவதில்லை, இடம் பெயர்கிறது. கொலம்பியாவின் புல்வெளியில் உயிர்க்கரியை இட்டு இரண்டாண்டு கவனித்த சோதனையில், சுவாசமாக வெளியேறியது 2.2 சதவீதம் மட்டுமே. ஆனால் 20 முதல் 53 சதவீதம் வரை காணாமற்போயிருந்தது. மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். கரி மிதக்கும் என்பதைத் தண்ணீர்த் தொட்டியில் அடுப்புக்கரியைப் போட்டவர் எவரும் அறிவார்.

எரிந்து முடிந்த காடும் ஓயாத ஆறும்

பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடு ஒரு காலத்தில் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்தது. இந்தியப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காப்பிக்கும் கரும்புக்கும் மேய்ச்சலுக்குமாக அது வெட்டி எரிக்கப்பட்டது. பரவலான எரிப்பு 1973-இல் நின்றது. எரிப்பு நின்ற பிறகும் அங்கு ஓடும் பரைபா டோ சுல் ஆற்று நீரில் கரைந்த கருங்கரிமம் வருகிறதா என்று தோர்ஸ்டன் டிட்மாரும் அவரது குழுவினரும் 1997 முதல் 2008 வரையிலான காலத்துக்குக் கணக்கிட்டனர். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆண்டுக்கு 2,700 டன் கடலில் சேர்ந்தது. முன்னாள் காட்டின் முழுப்பரப்புக்கும் விரித்தால் ஆண்டுக்கு 50,000 முதல் 70,000 டன். அழிக்கப்பட்டபோது அக்காடு உண்டாக்கிய கருங்கரிமம் 20 முதல் 50 கோடி டன் என்பது அவர்கள் மதிப்பீடு. இந்த வேகத்தில் கரைவது மட்டுமே ஒரே வழியாக இருந்தால் மண்ணைக் காலி செய்ய ஆறுகளுக்குப் பல்லாயிரம் ஆண்டு வேண்டும்.

கரி நீரில் எப்படிக் கரைகிறது என்ற கேள்வி எழலாம். புதிய கரி கரையாது. பல ஆண்டுகள் காற்றும் ஈரமும் பட்டு அதன் வளையங்களின் ஓரங்கள் ஆக்சிஜனை ஏற்கும்போது, அவ்வோரத் துணுக்குகள் நீரோடு ஒட்டும் தன்மை பெற்றுக் கசிந்து வெளியேறுகின்றன. தேயிலை நிறத்தில் ஓடும் காட்டாறுகளில் மட்கோடு சேர்ந்து இதுவும் ஓடுகிறது. 2013-இல் ருடால்ஃப் ஜாஃபே தலைமையிலான குழு அமேசான், காங்கோ, யாங்சி முதலிய உலக ஆறுகளின் நீரைச் சோதித்து, கரைந்த நிலையில் ஆண்டுக்கு 2.65 கோடி டன் கருங்கரிமம் கடலுக்குப் போகிறது என்று காட்டியது. ஆறுகள் சுமக்கும் கரைந்த அங்ககக் கரிமம் முழுவதிலும் இது பத்தில் ஒரு பங்கு. நீர் எவ்வளவு மட்கைக் கரைத்துக் கொண்டு வருகிறதோ அதற்கு ஏற்பவே கருங்கரிமமும் வந்தது என்பது வியப்பான முடிவு. அண்மையில் தீப்பிடித்ததா என்பதைவிட, மண்ணை நீர் எவ்வளவு கழுவுகிறது என்பதே அளவைத் தீர்மானிக்கிறது.

கரையாத துகள்களாக அடித்துச் செல்லப்படுவது இன்னொரு 1.7 முதல் 3.7 கோடி டன் என்று 2018-இல் வெளியான ஆய்வு கணித்தது. அதை ஆள்வது மண்ணரிப்பு.

கடலில் பொருந்தாத கணக்கு

இதுவரை கணக்கு ஓரளவு ஒழுங்காக வந்தது. கடலுக்குள் நுழைந்ததும் அது உடைகிறது.

கடல்நீரில் கரைந்துள்ள அங்ககக் கரிமம் ஏறத்தாழ 66,200 கோடி டன். அதில் 2 சதவீதம் அளவு கருங்கரிமத்தின் வேதியியல் அடையாளம் உடையது. அதாவது 1,200 கோடி டன்னுக்கு மேல். ஆறுகள் ஆண்டுக்கு 2.65 கோடி டன் கொண்டு வருகின்றன. மண்ணுக்குச் செய்த அதே வகுத்தலை இங்கே செய்தால் ஏறத்தாழ 450 ஆண்டுகளில் கடலின் இருப்பு முழுவதும் புதிதாக நிரம்பிவிட வேண்டும். ஆனால் எல்லன் ட்ரஃபலும் அவருடன் பணியாற்றியவர்களும் கடல்நீரிலுள்ள கருங்கரிமத்தைப் பிரித்தெடுத்துக் கார்பன்-14 வயதை அளந்தபோது, 18,000 ஆண்டுகள் என்று 2010-இலும், ஆழ்கடலில் 23,000 ஆண்டுகள் வரை என்று 2016-இலும் விடை கிடைத்தது. ஆழ்கடலின் மற்றக் கரைந்த கரிமத்தின் வயதே 4,000 முதல் 6,000 ஆண்டுகள்தான். நிரப்பும் வேகம் 450 என்கிறது. பொருளின் வயது 20,000 என்கிறது. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க முடியாது.

முரண்பாட்டைத் தீர்க்க இரண்டு பாதைகள் முயலப்பட்டுள்ளன. முதலாவது, ஆறு கொண்டு வருவதில் பெரும்பகுதி ஆழ்கடலை எட்டுவதே இல்லை என்பது. வளையங்கள் நிறைந்த மூலக்கூறுகள் நுண்ணுயிர்களுக்குக் கடினமானவை, ஆனால் சூரிய ஒளிக்கு எளியவை; ஒளியை நன்கு விழுங்கும் குணமே அவற்றுக்கு வினையாகிறது. ஆய்வகத்தில் கடல்நீரை ஒளியில் வைத்தபோது சில வாரங்களுக்குள் கருங்கரிமத்தின் பெரும்பகுதி சிதைந்தது. மண்ணில் இருட்டில் நூற்றாண்டுகள் கிடந்த பொருள் கடற்பரப்பின் வெயிலில் நீடிப்பதில்லை என்றால், "நிலைத்தன்மை" என்பது கரியின் பிறவிக்குணம் அல்ல, அது இருக்கும் இடத்தின் குணம் என்றாகிறது.

இரண்டாவது பாதை இன்னும் அடிப்படையானது: கடலில் அளக்கப்படுவது தீயில் பிறந்ததே அல்லாமல் இருக்கலாம். 2019-இல் சாஷா வாக்னர் குழுவினர் ஆற்றுநீரிலும் கடல்நீரிலும் உள்ள கருங்கரிமத்தின் கார்பன்-13 என்னும், சாதாரணக் கரிமத்தைவிடச் சற்றுக் கனமான கரிம அணு வகையின் விகிதத்தை ஒப்பிட்டனர். நிலத்து மரங்கள் இந்தக் கனமான ஐசோடோப்பைக் குறைவாக ஏற்பவை. அந்த முத்திரை கரியிலும் தொடரும். ஆற்றின் கருங்கரிமத்தில் அம்முத்திரை இருந்தது. கடலின் கருங்கரிமமோ ஆயிரத்துக்கு ஏறத்தாழ 6 பங்கு கனமாக இருந்தது. இந்தத் துறையின் அளவுகோலில் இது மிகப் பெரிய இடைவெளி. ஆற்றிலிருந்து வந்த கருங்கரிமமே ஆழ்கடலில் சேர்ந்து கிடக்கிறது என்ற பாடநூல் சித்திரம் அதோடு ஆட்டம் கண்டது. கடலுக்குள்ளேயே உருவாகும் வேறு வளைய மூலக்கூறுகளை நம் கருவிகள் கரி என்று பதிவு செய்கின்றனவோ என்ற ஐயம் இப்போது வலுவாக நிற்கிறது.

கடலடி வண்டலிலும் இதே போன்ற பாடம் கிடைத்தது. 1998-இல் கரோலின் மசியெல்லோவும் ட்ரஃபலும் ஆழ்கடல் வண்டலின் அங்ககக் கரிமத்தில் 12 முதல் 31 சதவீதம் கருங்கரிமம் என்றும், அது கூடவே புதைந்த மற்றக் கரிமத்தைவிட 2,400 முதல் 13,900 ஆண்டுகள் மூத்தது என்றும் கண்டனர். தீயில் பிறந்த கரி எங்கோ பல ஆயிரம் ஆண்டுகள் தங்கிவிட்டு வந்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். வயதே கணக்கிட முடியாத பழைய பாறைக்கரி அதோடு கலந்து சராசரியை உயர்த்தியிருக்கிறது என்பது மற்றொன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் கரையோர வண்டலில் பின்னர் அதுவே காணப்பட்டது. நமக்கு அருகிலுள்ள சான்று வங்கக் கடலடியில் இருக்கிறது. இமயமலைப் பாறைகளிலுள்ள கிராஃபைட் கங்கை, பிரம்மபுத்திரா வழியே வந்து கடலடி வண்டலில் மீண்டும் புதைவதை 2008-இல் வல்லியர் காலி முதலானோர் காட்டினர். இந்தக் கிராஃபைட் எந்தக் காட்டையும் எரித்து வரவில்லை. இன்றைய காற்றிலிருந்து ஒரு துளியும் எடுக்கவில்லை. அதைக் கரித்தேக்கத்தின் வரவில் எழுதினால் கணக்கு பொய்யாகும்.

ஏன் இவ்வளவு தடுமாற்றம்?

தனி மூலக்கூறாக எடுத்து நிறுத்தக்கூடிய பொருள் அல்ல கருங்கரிமம். லேசாகக் கருகிய சுள்ளி முதல் தூய கிராஃபைட் வரை நீளும் தொடர்வரிசை அது. ஒவ்வோர் அளவீட்டு முறையும் அவ்வரிசையில் ஓர் இடத்தில் கோடு கிழிக்கிறது. ஒரு முறை 375 டிகிரி செல்சியஸில் மாதிரியைச் சுட்டு, எரியாமல் நிற்பதை மட்டும் கருங்கரிமம் என்கிறது. அது புகைக்கரியைப் பிடிக்கும், மரக்கரியின் பெரும்பகுதியை விட்டுவிடும். இன்னொரு முறை நைட்ரிக் அமிலத்தில் மாதிரியை உடைத்து, வெளிவரும் வளையத் துணுக்குகளை எண்ணி மொத்தத்தை ஊகிக்கிறது. அது மரக்கரியைப் பிடிக்கும், ஆனால் வளையம் எங்கிருந்து வந்தது என்று கேட்காது. 2001-இல் 8 மண் மாதிரிகளைப் பல முறைகளில் சோதித்து ஒப்பிட்டபோது, ஒரே மண்ணுக்குக் கிடைத்த விடைகள் குறைந்தது 14 மடங்கும் அதிகபட்சம் 571 மடங்கும் வேறுபட்டன. அதன் பிறகு பொது மாதிரிகளை வைத்து ஆய்வகங்கள் தங்களை ஒப்பிட்டுக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. எனினும் ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொரு கட்டுரையின் எண்ணோடு சேர்க்கும் முன் எந்த முறை என்று பார்ப்பது இன்றும் கட்டாயம்.

கார்பன் கிரெடிட்டுக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன?

ஐபிசிசி 2019-இல் தன் கணக்கீட்டு வழிகாட்டியைத் திருத்தியபோது, மண்ணில் இடும் உயிர்க்கரியில் 100 ஆண்டுகளுக்குப் பின் எஞ்சும் பங்கைத் தயாரிப்பு வெப்பநிலையை வைத்துக் குறித்தது: 600 டிகிரிக்கு மேல் தயாரித்ததில் 89 சதவீதம், 450 முதல் 600 வரை 80 சதவீதம், 350 முதல் 450 வரை 65 சதவீதம். 100 ஆண்டு என்ற எல்லை, மேலே கண்ட தங்கல் காலங்களோடு பொருந்துகிறது. கிரெடிட் விற்பவர் அந்த எல்லைக்குள் நிற்கும் வரை கூற்றை ஏற்கலாம் என்பதே என் கருத்து. டெரா ப்ரெட்டாவையும் அகழாய்வுக் கரியையும் காட்டி ஆயிரம் ஆண்டுகளுக்குச் சேர்த்து விலை பேசும்போது ஏற்க முடியாது.

வாங்குபவரும் கொள்கை வகுப்பவரும் கேட்க வேண்டியவை சில உண்டு. கரியின் ஹைட்ரஜன், கரிம அணு விகிதம் என்ன? அது 0.7-க்குக் கீழே இருந்தால்தான் வளையங்கள் போதிய அளவு இறுகியிருக்கின்றன என்று தர நிர்ணயங்கள் ஏற்கின்றன. மூலப்பொருள் எப்படியும் மட்கியோ எரிந்தோ போயிருக்கக்கூடிய கழிவா, அல்லது இதற்கென்றே வெட்டப்பட்ட மரமா? சரிவான நிலத்தின் மேற்பரப்பில் தூவப்படுகிறதா, மண்ணுக்குள் கலக்கப்படுகிறதா? தூவினால் அடுத்த பெருமழையில் அது ஆற்றில் இருக்கும். ஆற்றுக்குப் பின் அதன் கதியை எந்தச் சான்றிதழும் இன்று பின்தொடர்வதில்லை.

இன்னொன்று, கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த இரு செய்திகளும் நேரடியாக மோதும் இடம். மண்ணால் மூடிய பழைய பாணிக் கரிமூட்டத்திலிருந்து கரி மட்டும் வருவதில்லை. எரியாத வாயுக்களும் மீத்தேனும் புகைக்கரியும் சேர்ந்தே வெளியேறுகின்றன. மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. வெளிவரும் வாயுவைப் பிடித்து அதையே எரிபொருளாக்கும் மூடிய உலைகளில் இந்த இழப்பு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது; திறந்த மூட்டத்தில் தவிர்க்கப்படுவதில்லை. ஆகவே ஒரே எடையுள்ள இரண்டு மூட்டைக் கரிகள், ஒரே வளைய அமைப்புடன் ஒரே வயலில் கிடந்தாலும், அவை வந்த உலையைப் பொறுத்து ஒன்று உண்மையான சேமிப்பாகவும் மற்றொன்று வெறும் எழுத்துக்கணக்காகவும் இருக்கக்கூடும். மண்ணில் இட்ட கரியின் எடையோடு புகைபோக்கியில் வெளியேறியதன் அளவையும் கேட்டால்தான் அந்த வேறுபாடு தெரியும்.